ஸ்பீக்கரக்காவின் ஜெபம்

எங்கள் லயத்தில் நடக்கிற எதுவும் ஆண்டவருக்குத் தெரியாமல் போனதில்லை. அவர் எல்லாம் அறிந்தவர் என்பது ஒரு காரணம். பக்கத்துக் காம்பரா அக்கா ஒன்றுவிடாமல் அவருக்குச் சத்தமாகச் சொல்லிவிடுவார் என்பது இன்னொரு காரணம்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டின நீண்ட லயம்; ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரையைப் போய்த் தொடாது. கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். அதற்கு மேலே எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு இடைவெளி. முதல் வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் தீர்ப்புச் சொல்ல யாரும் எழுந்து வர வேண்டாம், அவரவர் இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட இடத்தில்தான், மைக் இல்லாமலே திருவிழாவுக்குப் போதுமான ஒரு தொண்டையை ஆண்டவர் அந்த அக்காவுக்குக் கொடுத்து வைத்திருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டம் ஸ்பீக்கரக்கா. எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

அக்கா கொழுந்து பறிக்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறேன். தாய்மார் மலைக்குப் போன பிறகு கைக்குழந்தைகளையும் ஓடியாடுகிற சின்னதுகளையும் பார்த்துக்கொள்கிற வேலை. அதனால் எல்லாருக்கும் நான் டீச்சர். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மூக்குச் சிந்தி விட்ட எனக்குச் சொந்தத்தில் ஒரு பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் அக்கா வருஷக்கணக்காக ஆண்டவரிடம் முறையிட்டிருக்கிறார், டாக்டர் என்ன சொன்னார் என்பது முதற்கொண்டு, லயம் முழுக்கக் கேட்கும்படி. அப்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும்.

“ஏங்க்கா, மனசுக்குள்ள ஜெபிச்சா ஆண்டவருக்குக் கேக்காதா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“கேக்கும் டீச்சர். ஆனா வெவரம் வேணாமா? ஆஸ்பத்திரியில பேரு, ஊரு, எந்த எடத்துல நோவுன்னு கேக்குறாங்களா இல்லியா? மொட்டையா கேட்டா மொட்டையாத்தான் கெடைக்கும்.”

அக்காவின் ஜெபம் அப்படித்தான். “ஆண்டவரே, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, கடைசித் தொங்கக் காம்பராவுல இருக்கிற அந்தப் பொண்ணு, அதான் ஆண்டவரே, மாமியாரோட பேசாம இருக்கால்ல, அவள நெனச்சுக்கங்க” என்று ஆரம்பித்தால், மாமியாருக்கும் மருமகளுக்கும் எதில் தொடங்கியது, யார் யாரை என்ன சொன்னார்கள், எல்லாம் மேலே போகும். மேலே போகிற வழியில் எங்கள் காதிலும் விழும். கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்கள் தோட்டத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வாரம் ஒரு வீடு என்று ஜெபக்கூட்டம் வைப்போம். மற்ற வீட்டார் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, திருநீறு கலையாமல் அக்காவின் வாசலில் வந்து நிற்பார்கள். “அக்கா, மகனுக்குப் பரீட்ச. ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த போட்டு வைங்க.” அக்கா போட்டு வைப்பார். அந்தப் பையன் கணக்கில் எவ்வளவு மோசம் என்பதும் சேர்ந்து போகும்.

இதைக் கேட்டு அவரைப் பரிசுத்தவாட்டி என்று யாராவது நினைத்துவிடப் போகிறீர்கள். கிடையவே கிடையாது. வாய் நிறைய வெற்றிலை. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வாளியை யாராவது தள்ளி வைத்துவிட்டால், அக்கா வாயிலிருந்து வருவதை நான் இங்கே எழுத முடியாது. அதே வாய் வீட்டுக்குப் போகிற வழியில் ஞானப்பாட்டுப் பாடும். என்னிடம் வாங்கிப் போன தேங்காய்த் துருவி நாலு வீடு சுற்றி, காலொன்று ஆடிக்கொண்டுதான் திரும்பி வந்தது. இத்தனைக்கும் மேலே, காய்ச்சலென்று நான் படுத்தால் முதலில் கஞ்சியோடு வந்து நிற்கிறதும் அவர்தான். எனக்கு அவரைக் கண்டால் கோபம் வரும், காணாவிட்டால் தேடும்.

அந்தக் கட்டியை நான் குளிக்கும்போது கண்டேன். இடது மார்பில், சின்னதாக, வலிக்கவே வலிக்காமல் இருந்தது. வலித்திருந்தால் பரவாயில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை, ஏனென்றால் என் அம்மாவும் இப்படி ஒரு கட்டியோடுதான் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெட்டியில்தான் வந்தார். அம்மா மறைத்து மறைத்து, புண்ணாகிய பிறகுதான் போனார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பயம் கணக்குப் பார்க்குமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் செத்துவிடுவோம், அவ்வளவுதான் என் மனதில் நின்றது. வெளியே சொல்லாமல் இருந்தால் அது இல்லாமலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினேன்.

வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அவர் மாரியம்மன் கோயில்காரர், நான் சபைக்காரி, விரும்பித்தான் கட்டிக்கொண்டோம். விரும்பின காலத்திலேயே மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பாரோ என்னவோ. கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் குறைந்து “சரி” என்ற ஒன்றில் வந்து நின்றது. சோறு போடவா என்றால் சரி. கூரை ஒழுகுகிறது என்றால் சரி. என் மார்பில் கட்டி என்று சொல்லி, அதற்கும் ஒரு “சரி” வந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது என்று இருந்தது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலானபோது, ஒரு நாள் பிள்ளைகளைத் தூங்கப்போட்டுவிட்டு, கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அக்காவை வாசலில் மறித்தேன். சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“யாருக்கும் சொல்லக் கூடாதுங்க்கா. சத்தியம் பண்ணுங்க.”

“சத்தியம் பண்றது நம்ம மார்க்கத்துல இல்ல டீச்சர். ஆனா என் வாயிலருந்து வராது. ஆண்டவரத் தவிர ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜெபக்கூட்டம் அக்கா வீட்டில். அட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பாஸ்டர் இரண்டு பாட்டுப் பாடவைத்து, கொஞ்சம் பேசிவிட்டு, “அக்கா, நீங்க ஜெபிங்க” என்றார். அக்கா கண்ணை மூடினார். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, எங்க நடுவுல ஒரு சகோதரி இருக்காங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு ஒரு வேதன. என்னான்னும் சொல்ல மாட்டேன்.”

அக்கா கொஞ்சம் நிறுத்தினார். அவருக்கே திருப்தியில்லை என்பது அந்த நிறுத்தத்தில் தெரிந்தது.

“ஆனா ஆண்டவரே, இங்க சகோதரிங்க நெறைய பேரு இருக்கோம். நீங்க மாத்தி வேற யாரையாச்சும் சொகமாக்கிறக் கூடாது. நம்ம பிள்ளைக்காம்பரா டீச்சரைத்தான் சொல்றேன். எடது மாருல கட்டி ஆண்டவரே! அவங்க அம்மாவுக்கு வந்த அதே கட்டி! ஆஸ்பத்திரிக்கிப் போகமாட்டேன்னு ஒளிச்சு வச்சிருக்கு ஆண்டவரே, புருசனுக்குக்கூடத் தெரியாது!”

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டீவி நாடகம் நின்றது. அதற்கு அடுத்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு கூரை இடைவெளி வழியாக, அதே வரிசையில் இருக்கிற கங்காணி வீட்டம்மாவின் குரல் வந்தது. “என்னது? டீச்சருக்கா? அடி ஆத்தி!”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். என் காம்பராவுக்குள் போனால் வீட்டுக்காரர் சட்டையை மாட்டாமல் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் காது இருக்கிறதே. என் முகத்தைப் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்கிப் போவோம்” என்றார். “போகல” என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, “சரி” என்று சொல்லி இரவு வேலைக்குப் போய்விட்டார். அக்கா மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சரி எனக்கு அதிகமாக எரிந்தது.

மறுநாள் காலையில் பீலியடியில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். நான் வாய் திறந்தால் நானும் சளைத்தவளில்லை. “வாயா அது? ஓட்டைப் பானையிலகூட கொஞ்ச நேரமாச்சும் தண்ணி நிக்கும்! ஒரு பொம்பளையோட மானத்த லயம் பூரா கூவி வித்துட்டீங்களே, நல்லாயிருப்பீங்களா?” பீலியடியில் அக்கா திருப்பித் திட்டாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். “வேணும்னு சொல்லல டீச்சர்” என்றார், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் காரியம் என் கையை விட்டுப் போயிருந்தது. நான் குடத்தை இறக்கி வைப்பதற்குள் கங்காணி வீட்டம்மா, தோட்டத்து மருத்துவிச்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பின்னால் நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளின் தாய்மார் ஐந்தாறு பேர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாமல், பேர் கொடுக்காமல், ஒரு நாள் சம்பளத்தைக் கட் பண்ணிக்கொண்டு நின்றார்கள். “டீச்சர், ஒங்களுக்கு ஒண்ணுன்னா எங்க புள்ளைகள யாரு பாக்குறது? சீலையக் கட்டுங்க” என்று ஒருத்தி அதட்டினாள். அவள் பிள்ளை என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. மாட்டேன் என்றேன், அழுதேன், திட்டினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அட்டன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து, நான் இறங்கி ஓடிவிடாதபடி இந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டார்கள்.

டாக்டர் பார்த்தார். கண்டிக்கு அனுப்பினார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். “ஆனா நல்ல நேரத்துக்கு வந்திருக்கீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பரவியிருக்கும்” என்றார் கண்டி டாக்டர். மார்பை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைக்கலாம், நாள் குறிக்கிறேன் என்றார். கூட வந்த வீட்டுக்காரர் டாக்டரையும் பார்த்து “சரிங்க” என்றார்.

இந்த இடத்தில் நான் அக்காவுக்கு நன்றி சொன்னேன் என்று எழுதினால் அது பொய். எனக்குக் கோபம் தீரவே இல்லை. பாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது அவரிடமே பிராது வைத்தேன். அந்த அக்காவெல்லாம் ஜெபிக்கிற ஆளா என்று கேட்டேன். பாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “அக்காகிட்ட நான் பேசுறேன். இனிமே அடுத்தவங்க காரியத்த அப்படிச் சொல்ல மாட்டாங்க” என்றார். பிறகு, “ஆனா டீச்சர், நல்ல ஆளுங்க கெடைச்சா ஆண்டவரு வேணாம்னா சொல்லுவாரு? நம்ம சபையில இருக்கிறது நாமதான். இருக்கிறத வச்சு வேல பாக்குறாரு” என்றார். அந்தப் பேச்சு அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவருக்கென்ன, இவர் மார்பையா எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அக்காவின் ஜெபம் எங்கள் காதில் விழவில்லை. வேலை முடிந்து வருவார், அடுப்பு மூட்டுவார், சுவருக்கு மேலே புகை மட்டும் வரும். லயம் என்னவோ போல இருந்தது. கங்காணி வீட்டம்மாவே ஒருநாள், “அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று என்னிடம் கேட்டார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் வீட்டுக்காரர் என்னைக் கண்டி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் என் பையை வைத்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்தார். நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாலே போதும். “சரி, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அன்று பகல் முழுக்க அந்தக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பார்க்க மூன்று மகள்கள் வந்தார்கள், தலை சீவிவிட்டார்கள், அழுதார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளையில்லை. இருக்கிற ஒருத்தருக்கு நான் இருந்தாலும் சரி, செத்தாலும் சரி. மார்பை அறுத்துக்கொண்டு, முடியெல்லாம் கொட்டி, யாருக்காக இந்தப் பாடு? பொழுது சாயத் தொடங்கியபோது முடிவு பண்ணிவிட்டேன். ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைக் கட்டினேன். பையை எடுத்தேன். அட்டனுக்கு இன்னும் பஸ் இருந்தது. சிங்கள நர்ஸ் மிஸ் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்றேன். “பய வென்ட எப்பா அக்கே” என்றார், பயப்படாதே என்று. பயமில்லை மிஸ், போதும் என்றுதான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு அவ்வளவு சிங்களம் வரவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. பாஸ்டர். வெள்ளிக்கிழமை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு என் வீட்டு முறை; வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போயிருப்பார், நான் இல்லாவிட்டாலும் என் வீட்டில்தான் கூடுவோம் என்று எல்லாரும் கூடியிருந்தார்கள். “டீச்சர், எல்லாரும் இருக்கோம், ஒரு சின்ன ஜெபம்” என்றார். வார்டில் ஒருபக்கம் பிள்ளை அழுகிறது, ஒருபக்கம் ட்ரொலி ஓடுகிறது, சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வெளியே கேட்கிற மாதிரி போட்டுக் கட்டிலில் வைத்தேன். ஜெபம் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“அக்கா, நீங்க ஜெபிங்க” என்று பாஸ்டர் சொல்வது கேட்டது. அக்கா தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு வந்தது. “சர்வ வல்லமையுள்ள தேவனே, எங்கள் அன்புச் சகோதரியை உம்முடைய கரங்களில் ஒப்புக்கொடுக்கிறோம். உம்முடைய சித்தத்தின்படி…”

அது அக்காவே இல்லை. பாஸ்டர் மாதிரிப் பேசிப் பார்க்கிறார், பாவம். கட்டளை போட்டிருக்கிறார்களே என்று எவ்வளவு கவனமாக அடியெடுத்து வைக்கிறார் என்று தெரிந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்றும் தெரிந்தது. நான்கு வரி அப்படியே போனது. ஐந்தாவதில் நின்றுவிட்டது.

“ஐயோ ஆண்டவரே! இப்பிடிப் பேசுனா ஒங்களுக்கே வெளங்காது!” என்றார் அக்கா. வார்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “அந்தப் புள்ள அங்க ஒத்தையில கெடக்குது. இங்க அது புருசன் கெடக்குறத யாரு சொல்றது? நேத்து பொழுதுசாய எங்கிட்ட வந்து அழுதாரு ஆண்டவரே! ஒரு வார்த்த பேசாத மனுசன், சின்னப்புள்ளையாட்டம் ஏங்கி ஏங்கி அழுதாரு! அவ இல்லாத வீட்டுக்கு எப்பிடிங்க்கா வருவேன்னு கேட்டாரு. மாரியாத்தாளுக்கும் நேந்துட்டேன், ஒங்க சாமிகிட்டயும் சொல்லுங்கன்னாரு. அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் ஆண்டவரே, அதான் ஒங்ககிட்ட சொல்றேன்!”

“அக்கா! அக்கா! போனு! போனு!” என்று பாஸ்டர் பதறுகிற சத்தம் கேட்டது. பிறகு என் வீடு முழுக்கச் சிரிப்பு. கங்காணி வீட்டம்மாவின் சிரிப்பு அதில் தனியாகக் கேட்டது. அவர் சுவருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று தெரியவில்லை. அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

நான் அழுதேன். வார்டே பார்க்க, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவரும் கூடச் சேர்ந்து அழுதார். பிறகு எழுந்து சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அந்த ஆஸ்பத்திரி உடுப்பைத் திரும்பவும் மாட்டிக்கொண்டேன். நர்ஸ் மிஸ் வந்து என் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஆபரேஷன் முடிந்து நான் கண் திறந்து பேசுகிற அளவுக்கு வந்த பிறகு வீட்டுக்காரர் பார்க்க வந்தார். முகத்தை நேராகக் காட்டவில்லை. கொண்டுவந்த தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். எனக்கோ தையல் இழுத்தது, வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏங்க, ரகசியம்னு போயும் போயும் அந்த அக்காகிட்டயா சொன்னீங்க? ஸ்டோர்ல எத்தன பேரு இருக்காங்க, ஒங்க கூட்டாளி இருக்காரு, பூசாரி இருக்காரு. அக்கா வாயப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா?”

பழத்தை முழுக்க உரித்து, நாரையெல்லாம் எடுத்து, ஒரு சுளையை என் கையில் வைத்தார்.

“தெரியும் புள்ள. எனக்குச் சொல்ல வரல. அவங்ககிட்ட சொன்னாத்தான் ஒங்கிட்ட வந்து சேரும்.”